வெடியோசை ஓய்ந்த பின்

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்காக மன்றாடும் மாதம். 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, நம்மை விட்டுப் பிரிந்தோரை நினைவுகூருகிறோம். ஏறத்தாழ இதே பருவத்தில்தான் தீபாவளியும் வந்து போகிறது. நாடெங்கும் அது ஒளியின் விழா. பட்டாசு ஓசையில் ஊரே மகிழும் நாள். ஆயினும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் வாழும் சில குடும்பங்களுக்கு அந்த வெடியோசையையும் இந்தக் கல்லறை மெழுகுதிரியையும் பிரித்துப் பார்க்க இயலாது. அந்த வெடிகளைச் செய்யச் சென்றவர்களே இந்தக் கல்லறைகளில் துயில்கின்றனர்.

அக்குடும்பங்களின் துயரை நாளிதழ்கள் எழுதுகின்றன. அரசு நிவாரணம் அறிவிக்கிறது. ஆனால் அவ்வீட்டின் மூலையில் வாய் மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அப்பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது என்ன? அதைக் கேட்க வேண்டியவர் யார்? பள்ளியும் பங்கும் குடும்பமும் செய்யக்கூடியது என்ன? இவற்றை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

சோறு போடும் தொழில்

சிவகாசியின் வரலாறு நம் வாசகர் அறிந்ததே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை பொய்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும், அச்சுத் தொழிலும் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. விடியுமுன் ஆலை வண்டி கிராமத்து முக்கில் வந்து நிற்பதும், தூக்குச் சட்டியோடு பெண்கள் ஏறிச் செல்வதும், மாலையில் மருந்துப் பொடி கை கால்களில் மின்ன அவர்கள் வீடு திரும்புவதும் இப்பகுதியின் அன்றாடக் காட்சிகள். இத்தொழிலை நாம் பழிக்க வரவில்லை. சோறு போடும் தொழில் அது. ஆனால் சில நாள்களில் அது சோறு போடுபவரையே கொண்டு போய்விடுகிறது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவ ஓடி வந்த ஊராரும் அவர்களுள் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 17 அன்று இராமுத்தேவன்பட்டியில் 10 பேர் மடிந்தனர். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மீண்டும் ஒரு பெரு விபத்து நேர்ந்தது. இவை நாடறிந்தவை. ஒருவர், இருவர் என உயிர் பறித்த சிறு விபத்துகள் இவற்றிடையே பல. மாண்டோர் பலரின் வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தனர்.

அப்பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடலாகாது என்பதில் அரசு கருத்துச் செலுத்தியுள்ளது. பட்டாசு விபத்தில் பெற்றோரை இழக்கும் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு முதல் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் கூறினார். பாராட்டுக்குரிய செயல். கட்டணம் கட்டப்படும், புத்தகம் கிடைக்கும், பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருக்கும். ஆனால் அதன் மனமும் அங்கு அமர்ந்திருக்குமா என்பதே நம் கேள்வி.

சைக்கிள் கேட்ட சிறுவன்

6-ஆம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவன் தாய் பட்டாசு ஆலைக்குச் செல்பவள். தீபாவளி நெருங்குகிறது, வேலை மிகுதி. மகன் சைக்கிள் கேட்டிருக்கிறான். அதற்குப் பணம் சேர்க்க ஓய்வு நாளிலும் வேலைக்குப் போகிறாள், திரும்பி வரவில்லை. துட்டி கேட்க வந்த உறவுக்காரி ஒருத்தி அவனைக் கட்டிக்கொண்டு, "ஒனக்குச் சைக்கிள் வாங்கணும்னுதானப்பா போனா!" என்று ஒப்பாரி வைக்கிறாள். அவள் அன்பினாலேயே அழுகிறாள். ஆனால் சிறுவனின் செவியில் விழுவது வேறு: அம்மா இறந்ததற்குக் காரணம் நான்.

இதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். சொன்னால் எல்லாரும் தன்னை வெறுப்பார்கள் என்று அஞ்சுவான். சொல்லாதது உடலில் வெளிப்படும். காலைதோறும் வயிற்று வலி என்பான். இரவில் படுக்கையை நனைப்பான். வகுப்பில் பலகையைப் பார்த்தபடி இருப்பான். கேள்வி கேட்டால் விழிப்பான். யாரேனும் அவன் தாயைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டால் பாய்ந்து அடிப்பான். ஆசிரியர் "முன்பெல்லாம் நன்றாகப் படித்தான், தாயில்லாமல் கெட்டுவிட்டான்" என்பார். பக்கத்து வீட்டார் "பயந்த கோளாறு, மந்திரித்தால் சரியாகும்" என்பர். தந்தை, தானும் துயரில் மூழ்கியவர், பிரம்பை எடுப்பார். அனைவரும் அவன் நடத்தையைத் திருத்த முயல்வர். அந்நடத்தை எதைச் சொல்கிறது என்று கேட்பவர் இரார்.

குழந்தைகளின் துயரம் பெரியோரின் துயரத்தைப் போன்றதன்று. 5, 6 வயதுப் பிள்ளைக்கு மரணம் திரும்பி வாராத பயணம் என்பது விளங்குவதில்லை. "அம்மா தூங்குகிறாள்" என்றால் அது உறங்கவே அஞ்சும். "வெளியூர் போயிருக்கிறாள்" என்றால், என்னை விட்டுப் போக நான் செய்த தவறு என்ன என்று ஏங்கும். சற்று வளர்ந்த பிள்ளை ஒரு நாழிகை அழும். மறு நாழிகை கோலி ஆடும். அதைக் கண்டு, துக்கம் தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பதின்வயதுப் பிள்ளையோ அழுவதே இல்லை. தம்பி தங்கையருக்குச் சோறு ஊட்டும், கடன்காரருக்குப் பதில் சொல்லும், மெல்ல மெல்லப் பிள்ளையாக இருப்பதையே நிறுத்திவிடும்.

பட்டாசுப் பகுதிக்கே உரிய வேறொரு துன்பமும் உண்டு. விபத்தை நினைவூட்டும் பொருள்கள் இங்கே எங்கும் உள்ளன. விடியற்காலை ஆலை வண்டியின் ஒலிப்பான், அத்தையின் சேலையில் மருந்து வாடை, கோவில் திருவிழாவின் வாண வேடிக்கை, தெருவில் எவனோ கொளுத்தும் ஒரு சரவெடி: இவற்றுள் ஒன்று போதும், அப்பிள்ளையின் நெஞ்சு படபடக்க. மற்றோர் புத்தாடை உடுத்தும் நாளில் அது காதைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் ஒடுங்கும்.

ஆற்றுப்படுத்துவோர் யார்?

இந்த இடத்தில்தான் பள்ளியில் பணியாற்றும் உளவியல் ஆற்றுப்படுத்துநர் தேவைப்படுகிறார். ஆற்றுப்படுத்துதல் என்பது அழகிய தமிழ்ச் சொல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்கள். வழி கண்டவர், வழி தேடுபவரிடம் இன்ன வழியே செல் என்று காட்டுவது அவற்றின் போக்கு. துயரை ஆற்றுதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல ஆற்றுப்படுத்துநர் இவ்விரண்டையும் செய்கிறார்.

அவர் செய்வது அறிவுரை கூறுதல் என்று பலர் எண்ணுகின்றனர். அறிவுரைக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை. அவர் முதலில் செய்வது, பிள்ளைக்கு ஓர் இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்வது: வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மணியில், அதே அறையில், அதே ஆள். எல்லாமே ஒரு நொடியில் நொறுங்கிப்போன பிள்ளைக்கு, சொன்னபடி நடக்கும் ஒரு காரியம் இவ்வுலகில் உண்டு என்று தெரிவதே பாதி மருந்து. அங்கே தாள் இருக்கும், வண்ணப் பென்சில் இருக்கும், களிமண் இருக்கும், பொம்மைகள் இருக்கும். சொல்ல வராததைப் பிள்ளை வரையும், உருட்டும், விளையாடிக் காட்டும். நாம் எண்ணிய சிறுவன் சில வாரங்கள் ஒன்றும் பேசாதிருந்து, ஒரு நாள் சைக்கிள் ஒன்றை வரைந்து, அதன் மேல் கறுப்புப் பென்சிலால் கிறுக்கி மறைக்கக்கூடும். அவர் அதைக் கவனிப்பார். "ஏன் கிறுக்கினாய்?" என்று அதட்ட மாட்டார். "இந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்" என்பார், காத்திருப்பார்.

உண்மை வெளிவந்த பின், "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று மூடிவிடுவதில்லை. "உன் நண்பனுக்கு இப்படி நேர்ந்திருந்தால், நீதான் கொன்றாய் என்று அவனிடம் சொல்வாயா?" என்று கேட்பார். விபத்து எதனால் நேர்கிறது, உராய்வு என்றால் என்ன, அளவுக்கு மீறி மருந்தும் ஆட்களும் ஓர் அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவன் வயதுக்கேற்ப விளக்குவார். ஆசையும் வெடியும் வேறு வேறு என்பதை அவன் தானே கண்டுகொள்ளச் செய்வார். பிறகு தந்தையை வரவழைத்து, அவர் வாயாலேயே, "ஒன்னால இல்லப்பா" என்று சொல்ல வைப்பார். வெளியார் நூறு முறை சொல்வதைவிடத் தந்தை ஒரு முறை சொல்வது ஆழமாய்ப் பதியும்.

ஆசிரியரிடமும் அவருக்கு வேலை உண்டு. இப்பிள்ளையைக் கதவருகே அமர்த்துங்கள். மூச்சு முட்டினால் கேட்காமலே வெளியே சென்று வர விடுங்கள். தாயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். தீபாவளி விடுமுறைக்கு முன்னும், விபத்து நேர்ந்த அதே தேதி வரும்போதும் கூடுதலாகக் கவனியுங்கள் என்று கூறுவார். உறக்கமின்மையும் அச்சமும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். ஆற்றுப்படுத்துநர் மருத்துவர் அல்லர். மருந்து எழுதுபவரும் அல்லர். எங்கே தம் பணி முடிந்து மருத்துவர் பணி தொடங்குகிறது என்று அறிந்திருப்பது அவருடைய பயிற்சியின் ஒரு பகுதி. ஆதலால்தான் அவர் உளவியலிலோ சமூகப் பணியிலோ முறையாகக் கற்றவராக இருக்க வேண்டும். நல்ல மனம் வேண்டும். நல்ல மனம் மட்டும் போதாது.

இப்பணி ஏன் பள்ளியிலேயே நடைபெற வேண்டும்? கூலி வேலை செய்யும் தாய், ஒரு நாள் கூலியை இழந்து, பிள்ளையை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அரிது. "மனநல மருத்துவமனை" என்ற பெயர்ப் பலகையின் கீழ் தன்னை யாரும் பார்த்துவிடலாகாதே என்ற அச்சமும் உண்டு. பள்ளிக்கோ பிள்ளை நாள்தோறும் வருகிறது. 2013-இல் தமிழக அரசு பள்ளி மாணவர்க்கென 10 நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. நன்முயற்சிதான். ஆனால் ஒரு மாநிலம் முழுவதற்கும் 10 வாகனங்கள் எம்மட்டு? வந்து போகும் வாகனத்தைக் காட்டிலும், நாள்தோறும் வராந்தாவில் எதிர்ப்படும் முகத்தையே பிள்ளை நம்பும்.

இது விபத்து கண்ட குடும்பங்களுக்கு மட்டும் உரிய தேவையும் அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினருள் 7.3 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுக்கு உள்ளாகியிருந்தனர். 40 பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ 3 பேர் என்று கொள்ளலாம். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் விருதுநகர். அந்தப் பெருமையை நாடும் நாம், மதிப்பெண் குறைந்த பிள்ளை வீடு திரும்ப அஞ்சும் மாலை நேரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டுமன்றோ?

வீட்டாரின் பங்கு

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் நகரின் மேல் குண்டுகள் பொழிந்த நாள்களில், அன்னா பிராய்ட், டாரதி பர்லிங்காம் ஆகிய இரு பெண்மணிகள் குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினர். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளைக் கூடுதலாக வாட்டியது என்றும், அமைதியான தாயின் அருகே இருந்த குழந்தை பெருவெடியோசையையும் தாங்கிக்கொண்டது என்றும் அவர்கள் கண்டனர். நமக்கு இது சொல்லும் பாடம் தெளிவு. பிள்ளையைத் தேற்ற வேண்டுமாயின், பிள்ளையைத் தாங்கும் பெரியவரை முதலில் தேற்ற வேண்டும். அவர் விதவைத் தாயாக இருக்கலாம். மனைவியை இழந்த தந்தையாக இருக்கலாம். தாய் தந்தை இருவரையும் இழந்த பேரர்களைத் தள்ளாத வயதில் வளர்க்கும் ஆச்சியாக இருக்கலாம்.

எனவே பள்ளி ஆற்றுப்படுத்துநர் மாலை வேளைகளில் வீடு தேடியும் செல்ல வேண்டும். அங்கே அவர் காண்பது துயரம் மட்டுமன்று. வாங்கிய முன்பணம் நிற்கும், வட்டி ஏறும், 14 வயது மூத்த மகன் "நான் வேலைக்குப் போறேன்" என்று நிற்பான். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலைக்கும், 18 வயதுக்குட்பட்டோரை வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைக்கும் அமர்த்தக் கூடாது. சிவகாசிப் பிள்ளைகளின் பொருட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் ஒரு மைல்கல். ஆயினும் பசித்த வீட்டிற்குச் சட்டத்தை மட்டும் எடுத்துரைத்துப் பயனில்லை. அரசின் கல்வி உதவியையும், விதவை உதவித்தொகையையும், நலவாரியப் பயன்களையும் அக்குடும்பம் பெற வழிகாட்டி, மகனைப் பள்ளியில் நிற்க வைப்பதும் ஆற்றுப்படுத்தும் பணியே.

வீட்டார் செய்ய வேண்டியவற்றுள் தலையாயது உண்மை பேசுதல். "ஆலையில் தீப்பிடித்தது. அம்மாவுக்குப் பலத்த காயம். மருத்துவர் முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. அம்மா இறந்துவிட்டாள், இனித் திரும்பி வர மாட்டாள். உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்." இவ்வளவு எளிய சொற்கள் போதும். பிள்ளை மீண்டும் மீண்டும் கேட்டால் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும். இறந்தவரின் படத்தை மறைத்து வைக்க வேண்டியதில்லை. பெயரைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. உணவும் உறக்கமும் பள்ளியும் செபமும் பழைய நேரத்திலேயே நடந்து வருதல் வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சிறப்பாகக் கூறுவோம். "கடவுளுக்கு உன் அம்மாவைப் பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதிருப்போமாக. பெரியோர்க்கு அது ஆறுதல். பிள்ளைக்கு அது அச்சம். நாளை அப்பாவையும் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று அது நடுங்கும். தாயைப் பறித்தவரிடம் எப்படிச் செபிப்பது என்று திகைக்கும். நம் ஆண்டவர் லாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் அவருடைய கல்லறையருகே கண்ணீர் விட்டார். உயிர்ப்பின் நம்பிக்கை கண்ணீரைத் தடை செய்யவில்லை. "இயேசுவும் நம்மோடு அழுகிறார், அம்மா அவருடைய அன்பில் இருக்கிறாள், ஒரு நாள் நாம் அவளைக் காண்போம்" என்று சொல்வதில் உண்மையும் உண்டு, விசுவாசமும் உண்டு.

செபம் போதாதா?

"செபமும் நற்கருணையும் இருக்க, உளவியலார் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். கேள்வி நியாயமானதே. இறைவாக்கினர் எலியா சாக விரும்பிச் செடி ஒன்றின் கீழ்ப் படுத்தபோது, ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை, உறங்கவிட்டார், வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அதன் பின்னரே பேசினார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு வாய் பேசாது அமர்ந்திருந்தவரை நண்பர்களாகவே இருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். உடைந்த காலுக்கு மருத்துவரை நாடுவது அவிசுவாசம் அன்று எனின், உடைந்த மனத்திற்கு நாடுவதும் அவ்வாறே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் 42-ஆம் வயதில், வாரம் ஒரு முறை என ஆறு மாத காலம் யூதப் பெண்மணி ஒருவரிடம் உளப்பகுப்பாய்வுக்குச் சென்றதை, 2017-இல் வெளிவந்த உரையாடல் நூலொன்றில் தாமே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவர் வெட்கப்படாததற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒப்புரவு அருளடையாளத்திற்கும் ஆற்றுப்படுத்துதலுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பாவமன்னிப்பு; அதன் இரகசியத்திற்கு விலக்கே கிடையாது. ஆற்றுப்படுத்துநரும் பிள்ளை சொன்னதைப் பிறரிடம் சொல்லார். ஆனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, அது பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருந்தாலோ, உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. நேர்மையான ஆற்றுப்படுத்துநர் இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். இறந்த தாயிடம் போக வேண்டும் என்று பிள்ளை அடிக்கடி சொன்னால், அதைச் செல்லப் பேச்சென்று தள்ளாமல், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கனிவாக நேரே கேட்பது நலம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. அந்நிலையில் பிள்ளையைத் தனியே விடலாகாது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இரவு பகல் எந்நேரமும் செயற்படுகின்றன.

காலம் தானே ஆற்றுமா?

"காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்பர். பல பிள்ளைகளுக்கு, அன்பான ஒரு பெரியவரும் ஒழுங்கான அன்றாட வாழ்வும் கிடைத்தால், அது உண்மையே. ஆனால் எல்லார்க்கும் அன்று. 1966 அக்டோபர் 21 அன்று வேல்சு நாட்டின் ஆபர்வான் என்ற சுரங்க ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளியின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியோரும் மாண்டனர். உயிர் தப்பிய பிள்ளைகள், பிள்ளையை இழந்த வீட்டார் மனம் நோகுமே என்று தெருவில் விளையாடவும் தயங்கினர். வாய் திறந்து பேசவும் இல்லை. 33 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் சிலரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்விபத்தின் விளைவான மன அதிர்ச்சி நோய்க்கு வாழ்வில் ஒரு காலத்திலேனும் ஆளாகியிருந்தது தெரியவந்தது. பத்தில் மூவர்போல் அப்போதும் அதிலிருந்து மீளவில்லை. ஆபர்வானும் ஒரு தொழிலை நம்பி வாழ்ந்த ஊர்தான். அங்கே பேசாமல் விட்டதை நாம் இங்கே பேச வேண்டும்.

தமிழகத்திலும் இப்பாடம் கற்கப்பட்டுள்ளது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை வந்தது. அதன் பின் நிம்ஹான்ஸ் வல்லுநர்கள், துயருற்றோரைத் தேற்றும் முறைகளில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். எளிய மக்களும் கற்றுக்கொள்ளக்கூடிய முதலுதவி இதிலும் உண்டு என்பது அதனால் விளங்கிற்று. உலக நல நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேடு அதை மூன்று செயல்களாகச் சுருக்குகிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்; அவர் சொல்ல விரும்புவதைக் கேள், சொல்ல விரும்பாததைச் சொல்லுமாறு வற்புறுத்தாதே; உறவோடும் உதவியோடும் அவரை இணை. ஓர் அன்பியக் கூட்டத்தில் இதைக் கற்றுவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கான மனநல வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதனினும் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நம் பங்குப் பள்ளிகளும் துறவற சபையார் நடத்தும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. நிதியில்லை என்பர். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் இயலாவிடின், அண்மையிலுள்ள மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு பகுதியும், பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு முழுவதும் இதற்குப் போதிய தொடக்கமாகும். பட்டாசு விபத்தில் இறந்தோரின் பிள்ளைகளைத் தேற்றப் பட்டாசுச் செலவை ஒதுக்குவதைவிடப் பொருத்தமான காணிக்கை ஏது?

அந்த அறை தலைமையாசிரியர் அறைக்கு அடுத்ததாக இருக்க வேண்டாம். தவறு செய்த மாணவனைத் தண்டனையாக அங்கே அனுப்பவும் வேண்டாம். "உன்னைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பிவிடுவேன்" என்று ஓர் ஆசிரியர் மிரட்டினால், அந்த அறை அன்றே பயனற்றுப் போகும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் துயருற்ற வீட்டை முதல் வாரத்தில் மட்டும் சந்தித்து நின்றுவிடாமல், மூன்றாம் மாதமும், முதல் தீபாவளியும், முதல் கிறிஸ்து பிறப்பும் வரும்போது மீண்டும் செல்வார்களாக. கூட்டம் கலைந்த பிறகே தனிமை தொடங்குகிறது.

மற்றொன்றையும் மறவாதிருப்போம். ஆற்றுப்படுத்துதல் பாதுகாப்புக்கு ஈடாகாது. அளவுக்கு மிஞ்சி மருந்து வைப்பதும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அமர்த்துவதும், ஆலையின் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும் தொடருமானால், பள்ளிதோறும் பத்து ஆற்றுப்படுத்துநரை வைத்தாலும் கண்ணீர் வற்றாது. பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கும் கை, அக்கண்ணீருக்குக் காரணமான அநீதியைச் சுட்டிக்காட்டவும் தயங்கலாகாது. ஆலை உடைமையாளருள்ளும், மேற்பார்வையாளருள்ளும், அதிகாரிகளுள்ளும் நம் வாசகர் இருக்கக்கூடும். அவர்களுக்கும் இது வேண்டுகோள்.

இம்மாதம் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது, அங்கே ஏதேனும் ஒரு கல்லறையருகே தனியே நிற்கும் பிள்ளையைக் காண்போமாயின், அறிவுரை கூறாமல் சற்று நேரம் அதனருகே நிற்போம். பேசினால் கேட்போம், பேசாவிட்டால் ஒரு மெழுகுதிரியை அதன் கையில் கொடுத்து ஏற்றச் சொல்வோம். பள்ளி திறக்கும் நாளில், அப்பிள்ளை சொல்வதைக் கேட்க அங்கே ஓர் ஆள் உண்டா என்று தலைமையாசிரியரிடம் விசாரிப்போம். இறந்தோர்க்காக நாம் செய்யும் மன்றாட்டு, அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்காக நாம் செய்யும் பணியால் நிறைவு பெறுவதாக.